பதிமூன்றாவது ராசி

வானத்தில் பன்னிரண்டு ராசிதான் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மலைநாட்டில் இருக்கும் எங்கள் டர்ட்டில்லிக் பள்ளத்தாக்குக்கு மட்டும் அந்த ஜூலை மாதம் பதிமூன்றாவது ஒன்று வந்து சேர்ந்தது. அது வானத்திலிருந்து இறங்கவில்லை. தகர டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு பழைய லாரியில் வந்தது. ஓட்டி வந்தவர் பெயர் புரொபசர் டெல்மர் ஸ்டம்போ. எந்தக் கல்லூரியில் புரொபசர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நெஞ்சு வரைக்கும் தாடி, கறுப்புக் கோட்டு, கழுத்தில் செம்பில் செய்த ஒரு பிறை. எங்களுக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

நாங்கள் ராசி பார்க்காமல் தும்மக்கூட மாட்டோம். தீவனக் கடையில் சும்மா கொடுக்கும் காலண்டரில் அம்மணமாக ஓர் ஆள் நிற்பான். அவன் தலையில் மேஷம், கையில் மிதுனம், பாதத்தில் மீனம் என்று உடம்பெல்லாம் ராசி ஒட்டியிருக்கும். நிலா அவன் கைக்கு வந்தால் பீன்ஸ் விதைக்கலாம். வயிற்றுக்கு வந்துவிட்டால் எதையும் விதைக்கக் கூடாது. கன்றுக்குப் பால் மறக்கடிக்க, பன்றிக்குக் காயடிக்க, சொத்தைப் பல் பிடுங்க, எல்லாவற்றுக்கும் அந்த அம்மண ஆளிடம்தான் உத்தரவு கேட்போம். ஞாயிற்றுக்கிழமை கர்த்தர் பார்த்துக்கொள்வார். மற்ற ஆறு நாளும் தீவனக் கடைதான்.

புரொபசர் முதல் நாளே எங்களைச் சரியான இடத்தில் பிடித்தார். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் உள்ள புல்வெளியில், சர்க்கரை மேப்பிள் மரத்தடியில் நின்றுகொண்டு கேட்டார்:

"காலண்டர்ல நிக்கிற ஆளுக்குப் பன்னெண்டு ராசி. சரி. மண்ணுக்குள்ள ஒரு ஆள் நிக்கிறானே, அவனுக்கு எத்தனை?"

கூட்டம் வாயைப் பிளந்தது. மண்ணுக்குள் நிற்கிற ஆள் யார் என்று எங்களுக்குத் தெரியும். ஜின்செங். நாங்கள் சுருக்கமாக சாங் என்போம். கை, கால் எல்லாம் விரித்து, வேர் அச்சு அசலாக ஆள் மாதிரியே இருக்கும். அந்த வேருக்குச் சீனாவில் கொட்டிக் கொடுக்கிறார்கள். மலையின் வடக்குச் சரிவில், பெரிய மரங்களின் நிழலில் வளரும். வளரும் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். விதை விழுந்தால் முளைக்கவே ஒன்றரை வருடம் ஆகும். முதல் வருடம் மூன்றே மூன்று சின்ன இலை. அடுத்த வருடம் என்ன செய்யலாம் என்று யோசிக்கும். அதற்கடுத்த வருடமும் யோசிக்கும். நான்கு கொம்பு, அதாவது நான்கு இலைக்காம்பு விரித்து, நடுவில் சிவப்புப் பழக்கொத்தோடு ஒரு செடி நிற்கிறது என்றால் அதற்கு ஓட்டுப் போடுகிற வயது ஆகியிருக்கும்.

"அந்த ஆளுக்கு ஒரே ராசி. பதிமூணாவது ராசி. எப்போ வரும், எப்போ போகும்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அது வந்துட்டா சாங் ஒரு நாள்ல ஒரு வருஷம் வளரும்" என்றார் புரொபசர்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு மரத்தொட்டியில் எல்லோரும் பார்க்க ஒரு விதையைப் போட்டார். மேலே பலகைப் பெட்டியைக் கவிழ்த்துப் பூட்டினார். மூன்று வாரம் கழித்து மணியடித்துப் பெட்டியைத் தூக்கினார். உள்ளே நான்கு கொம்புச் செடி, பச்சைக் காய்க்கொத்தோடு நின்றது. பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் கார்கள் வரத் தொடங்கின. தீயணைப்பு நிலையத்துப் பெண்கள் பீன்ஸ் குழம்பும் சோளரொட்டியும் விற்றே புதுக் குழாய் வாங்கிவிட்டார்கள். ராசிக்கும் பசிக்கும் எப்போதும் ஒரு நல்ல உறவு உண்டு.

அப்புறம் புரொபசர் தன் நிபந்தனையைச் சொன்னார். சாங் தோண்டச் சட்டம் அனுமதிக்கும் செப்டம்பர் மாதம் வருகிறது. எல்லோரும் தங்கள் மேட்டில் வளர்த்து வைத்திருக்கும் வேரைப் பூராவும் தோண்டி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதெல்லாம் தாய்வேர். அவர் அதை ராசிப் படுக்கையில் புதைப்பார். பதிலுக்கு ஒரு பொட்டலம் ராசி விதை தருவார். அடுத்த செப்டம்பரில் ஒவ்வொரு வேருக்கும் பத்து வேர்.

"வசந்தத்துல முளைக்கலைன்னா பயப்படாதீங்க. கிளறிப் பார்க்காதீங்க. பார்த்தா ராசி செத்துரும். இன்னொண்ணு, ராசி மேல நிக்கும்போது யாரும் வேரைத் தொடக் கூடாது. நான் ரெண்டாவது மணி அடிச்சா ராசி இறங்கிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் தாராளமா தோண்டலாம், ஒரு குத்தமும் இல்ல."

எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள். உருளைக்கிழங்கில் இந்த வித்தையைக் காட்டினால் ஒரு மாதத்தில் மாட்டிக்கொள்வார். சாங் விதை முளைக்கவில்லை என்று சந்தேகம் வரவே எங்களுக்கு அடுத்த செப்டம்பர் ஆகிவிடும். அதற்குள் அவர் மூன்று மாநிலம் தாண்டியிருப்பார். எங்கள் பொறுமையைத்தான் அவர் முதலாகப் போட்டிருந்தார்.

என் அண்ணன் ஹோபார்ட்டும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மாலை நான் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி வெர்லீன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"செப்டம்பர் ரெண்டாவது சனிக்கிழமை நம்ம மேட்டுச் சாங்கைப் பூரா தோண்டி அவர்கிட்ட கொடுக்கப் போறேன்" என்றார் அண்ணன்.

அண்ணியின் கரண்டி அப்படியே நின்றது. அந்த மேட்டில் பதினான்கு வருடத்துக்கு முன்னால் அண்ணன் சருகை ஒதுக்க ஒதுக்க, அண்ணி பின்னாலேயே விதை போட்டுக்கொண்டு போனார். நிலக்கரிச் சுரங்கம் அண்ணனின் நுரையீரலைப் பிடிக்கத் தொடங்கிய வருடம் அது. தனக்குப் பிறகு அண்ணி யாரிடமும் கையேந்தக் கூடாது என்று அண்ணன் வைத்த ஒரே சொத்து அந்த மேடுதான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற சம்பளத்தில் அண்ணிக்கு வேறு எதுவும் சேரவில்லை.

"ஹோபார்ட், ஒன்றரை வருஷம் தூங்குற விதைன்னு உனக்குத் தெரியாதா? நீயே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கே?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"இன்னும் ஆறு வருஷம் விட்டா நல்ல விலை போகும்னு நீதான் சொல்றே. ஆறு வருஷத்துக்கு நான் எங்க போவேன், வெர்லீன்? கோழிக்கூடு வரைக்கும் போயிட்டு வந்தாலே நெஞ்சு விசில் அடிக்குது. அந்த ஆள் ஒரே வருஷம்ங்குறான். ஒரு வருஷம்னா நானும் பார்ப்பேன்ல."

முட்டாள்தனத்தைக் கேலி செய்யலாம். அவசரத்தில் இருக்கிற மனிதனை எப்படிக் கேலி செய்வது? அண்ணி கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"சரி, கொடு. ஆனா அன்னைக்கு அவர் ரெண்டாவது மணி அடிக்கிற வரைக்கும் மண்ணைக் கொத்தாதே. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

"சத்தியமா" என்றார் அண்ணன். அவ்வளவு லேசாக அண்ணி இறங்கி வந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது வாரத்தில் புரொபசர் அடுத்த விதையைப் போட்டார். இது சந்தேகப் பிராணிகளுக்காகவே நடத்தப்படும் காட்சி என்று அறிவித்தார். நம்பாதவர் யாராவது மேடைக்கு வந்து, தன் கையாலேயே விதையைப் போடலாம். அண்ணி எழுந்தார்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. விஷயம் வேறொன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து நகத்துக்குச் சாயம் பூசாத அண்ணி, அன்றைக்குப் பத்து விரலிலும் பள்ளிக்கூட பஸ் நிறத்தில் பளபளவென்று பூசிக்கொண்டு வந்திருந்தார். எதையும் தொடாமல் விரலை விரித்தபடியே நடந்தார்.

"என்ன வெர்லீன், யாருக்குக் கல்யாணம்?" என்றான் ஆர்வில். அவன் மரம் அறுப்பவன். வாயும் ரம்பம்தான்.

"எனக்குத்தான் ஆர்வில். உனக்குப் பத்திரிகை வைக்க மறந்துட்டேன்."

புரொபசர் ஒரு விதையை அண்ணியின் உள்ளங்கையில் வைத்தார். அண்ணி அதைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார்.

"ஒரே ஒரு விதைதானே?"

"ஒண்ணே ஒண்ணுதான், சகோதரி."

"இதேதான் செடியாகும்?"

"இதேதான்."

"செடியான பிறகு இந்த விதை மண்ணுல கிடக்காதில்ல?"

புரொபசர் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். "விதைதானே சகோதரி செடியாகுது? அப்புறம் விதை ஏது?"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. பஸ் ஓட்டுகிறவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று இமோஜின் என் காதுபடச் சொன்னாள். இமோஜின், சட்டம் அனுமதிப்பதற்கு முன்னாலேயே தன் மேட்டைத் தோண்டிப் புரொபசரிடம் கொடுத்துவிட்ட பக்தை. புரொபசர் கண்ணை மூடி முகத்தை வானத்துக்கு நிமிர்த்தி முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அண்ணி விதையைக் குழியில் போட்டு மூடினார். பெட்டி கவிழ்ந்தது, பூட்டு விழுந்தது, சாவி கறுப்புக் கோட்டுக்குள் போனது. அண்ணி கட்டைவிரலை ஊதிக்கொண்டே இறங்கி வந்தார். அந்த நகத்தில் மட்டும் சாயம் அழிந்திருந்தது.

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை புல்வெளியில் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு சாக்கு, ஆளுக்கொரு களைக்கொத்து. அண்ணன் தன் சின்னக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் மேட்டுக்குப் போய்த் தோண்ட என் லாரியில்தான் போவதாக ஏற்பாடு.

புரொபசர் முதல் மணியை அடித்தார். பெட்டியைத் தூக்கினார். நான்கு கொம்பு. நடுவில் கொத்தாகச் சிவப்புப் பழம். சில பெண்கள் அழுதார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். புரொபசர் இரண்டாவது மணியை அடித்தார்.

"ராசி இறங்கியாச்சு. போங்க, தாய்வேரைக் கொண்டு வாங்க."

அண்ணன் எழுந்தார். அண்ணி அவர் தோளில் கை வைத்துவிட்டு மேடையைப் பார்த்துக் கேட்டார்.

"புரொபசர், ராசி நல்லா இறங்கிடுச்சா?"

"இறங்கிருச்சு, சகோதரி."

"இனிமே எதைத் தோண்டினாலும் குத்தமில்ல?"

"ஒரு குத்தமும் இல்ல."

"அப்போ முதல்ல இந்தச் செடியைத் தோண்டிப் பார்த்துடலாம். மேட்டுக்குப் போறதை அப்புறம் வச்சுக்கலாம்."

புரொபசரின் தாடி லேசாக ஆடியது. "இது வேற சகோதரி. இது காட்சிச் செடி."

"இதுக்கு மட்டும் ராசி இறங்கலையா?"

எங்கள் ஆட்களைப் பற்றிப் புரொபசர் எல்லாம் படித்திருந்தார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். நான்கு கொம்புச் செடியைக் கண்ணில் காட்டிவிட்டு வேரைக் காட்டமாட்டேன் என்றால் டர்ட்டில்லிக்காரனுக்குக் கை அரிக்கும். பக்தி, பயம், மரியாதை எல்லாம் அந்த அரிப்புக்குப் பிறகுதான். ஆர்வில் ஏற்கெனவே மேடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டான்.

"புரொபசர், வேரைப் பார்க்காம நான் வீட்டுக்குப் போக மாட்டேன். எம்மாம் பெருசு இருக்கும்?"

"ஆமா, காட்டுங்க" என்றாள் இமோஜின். பாவம், அவள் அவருக்குப் பெருமை சேர்ப்பதாகத்தான் நினைத்துச் சொன்னாள். பின்னாலிருந்து எல்லோரும் காட்டுங்கள், காட்டுங்கள் என்றார்கள்.

"ஹோபார்ட், நீ தோண்டு. உன் கைதான் ஒரு சல்லிவேர்கூட அறுபடாம எடுக்கும்" என்றார் அண்ணி.

அண்ணன் மேடையேறி, மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்று, தொட்டிக்குப் பக்கத்தில் முட்டி போட்டார். கொத்தை எட்ட வைத்து மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தார். வேர் வெளியே வந்தது. நல்ல தடித்த ஆள், இரண்டு காலும் பின்னிக்கொண்டு. கூட்டம் பெருமூச்சு விட்டது. அண்ணன் வேரின் கழுத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். பிறகு சும்மா இருக்க முடியாமல் எண்ண ஆரம்பித்தார்.

சாங் வேருக்கு உச்சியில் ஒரு கழுத்து உண்டு. ஒவ்வொரு வருடமும் பனி விழுந்ததும் தண்டு வாடி விழும். விழுந்த இடத்தில் கழுத்தில் ஒரு தழும்பு நிற்கும். வருடத்துக்கு ஒன்று, கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் கைவிரலை எண்ணுவதற்கு முன்னால் இதை எண்ணப் பழகிவிடும். அண்ணனின் நகம் தழும்பு தழும்பாக நகர்ந்தது. பத்தைத் தாண்டியதும் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து எண்ணினார்.

"இருபத்திரண்டு" என்றார். அவர் குரலில் சத்தமே இல்லை.

மூன்று வாரச் செடிக்கு இருபத்திரண்டு வயது. கூட்டம் புரொபசரைப் பார்த்தது. புரொபசர் சாதாரண ஆளா என்ன? இரண்டு கையையும் தூக்கினார்.

"பார்த்தீங்களா? நான் என்ன சொன்னேன்? ஒரு நாள்ல ஒரு வருஷம். நாள் எத்தனையோ, தழும்பு அத்தனை. அத்தாட்சி உங்க கையிலேயே இருக்கு."

சும்மா சொல்லக் கூடாது, அபாரமான பதில். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். இமோஜின் ஆமென் என்றாள். அண்ணன் முகத்தில்கூட ஒரு நப்பாசை திரும்பி வந்ததைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அண்ணிக்கு வரவில்லை. "அப்படியா? பனி விழுந்தாத்தான் தண்டு விழும். இருபத்திரண்டு தழும்புன்னா இந்த மூணு வாரத்துல இருபத்திரண்டு பனிக்காலம் வந்து போயிருக்கு. இமோஜின், ஒரு நாள் பனி பட்டாலே கருகுமே, உன் தோட்டத்துத் தக்காளி என்ன ஆச்சு?"

"நேத்துகூட ஒரு கூடை பறிச்சேன்" என்றாள் இமோஜின். சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மெல்ல முன்வரிசைக்கு வந்தது.

"அது பெட்டிக்குள்ள மட்டும் விழுந்த பனி" என்றார் புரொபசர்.

"சரி, அப்போ பெட்டிக்குள்ளயே தேடிடுவோம்" என்றார் அண்ணி. "சமையல்கட்டுல சோளமாவு சலிக்கிற சல்லடை இருக்கும், யாராவது எடுத்துட்டு வாங்க. ஆர்வில், அந்தத் தொட்டி மண்ணைப் பூரா இதுல கொட்டு."

புரொபசர் தொட்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். ஆர்வில் அவரை அலுங்காமல் தூக்கி ஓரமாக வைத்தான். மண் சல்லடையில் விழுந்தது. அண்ணி தட்டித் தட்டிச் சலித்தார். கல், சருகுத் துணுக்கு, ஒரு மண்புழு. கடைசியில் ஒரு விதை. முழுசாக, முளைகூட விடாமல், சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் பள்ளிக்கூட பஸ் நிறம்.

அண்ணி அதை உள்ளங்கையில் வைத்து, சாயம் அழிந்த கட்டைவிரல் நகத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "நான் போட்ட விதை. காயாத சாயத்தோட உருட்டிப் போட்டேன். விதைதான் செடியாகும், அப்புறம் விதை மண்ணுல இருக்காதுன்னு புரொபசரே சொன்னார். விதை இங்க இருக்கு. அப்போ அந்தச் செடி எங்கேருந்து வந்துச்சு?"

அண்ணன் விதையை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு இருமல் வந்தது, பிறகு மறுபடியும் சிரிப்பு வந்தது.

"புரொபசர், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இது இன்னும் தூங்குது" என்றார்.

புரொபசர் தாடியைத் தூக்கிக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார். வேகமாகத்தான் நடந்தார். ஆனால் லாரியின் முன் டயர் காலையிலிருந்தே என் டயர் கடையில் பஞ்சர் ஒட்டக் கிடந்தது. அன்றைக்கு ஒட்டுவதற்கு எனக்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. அதற்குள் ஆர்வில் டிரெய்லர் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே ராசிப் படுக்கை இல்லை. சாக்குச் சாக்காக வேரும், கம்பி வலைத் தட்டுகளில் விற்பனைக்குக் காயப்போட்ட வேரும் இருந்தன. சாடிகளில் வயதான செடிகள் இன்னும் நாலைந்து, அடுத்த ஊர்க் காட்சிகளுக்காகக் காத்திருந்தன. இமோஜின் வேர் பாதி காய்ந்து போயிருந்தது. அதை மறுபடி நட முடியாது. ஷெரீப் ஆபீஸ் போலீஸ் ஜீப் வரும்வரை அவள் அந்தச் சாக்கைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுதாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியாமலா இருந்துச்சு, வெர்லீன்? இருக்கும்போதே பார்த்துடணும்னு ஒரு ஆசை. அவ்வளவுதான்."

"அப்போ பாரேன். மேடு அங்கேயேதான் இருக்கு. பதினாலு வருஷமா வளருது. இந்த வருஷமும் வளர்ந்திருக்கு. தோண்டினாத்தான் பார்த்ததா அர்த்தமா?"

மறுநாள் அண்ணன் என்னை லாரி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். மேட்டில் அவரை ஒரு கட்டையில் உட்கார வைத்தேன். மதியம் வரைக்கும் மஞ்சள் இலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புறப்படும்போது அந்தச் சாயம் பூசிய விதையைச் சருகுக்குக் கீழே விரலால் அழுத்தினார். அடுத்ததற்கு அடுத்த வசந்தத்தில்தான் முளைக்கும் என்று எனக்கே பாடம் எடுத்தார். அதுவரைக்கும் நீ இருந்து பார்த்துச் சொல், எனக்கு பஸ் ஓட்டுகிற வேலை இருக்கிறது என்றார் கூட வந்திருந்த அண்ணி.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்தபோது வாசலில் ஆர்வில் நின்றான். கையில் ஈரச் சாக்கில், டிரெய்லரிலிருந்து மீட்ட வேர்.

"திருப்பி நடணும்பா. ஆனா இன்னைக்கு நிலா வயித்துல இருக்கு. நட்டா ஆகுமா? உன் கடைக் காலண்டரைக் கொஞ்சம் பாரேன்."

"பாக்க வேண்டியதில்ல ஆர்வில், போய் நடு. வேர் காயுது" என்றேன். அவன் என்னை நம்பவில்லை. தீவனக் கடைக்குப் போனான்.

அந்தப் புரொபசரை அன்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். சாங் விதை ஒன்றரை வருடம் தூங்கிவிட்டு, யாரும் மணியடிக்காமலே கண் விழித்துக்கொள்கிறது. நம் தலைக்குள் இருப்பதை மட்டும் பிறந்ததிலிருந்து தூங்க விட்டிருக்கிறோம். அதைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள், எந்த ராசியும் செத்துவிடாது.